‘பரவால்லீங்க’ என்பது மனநிறைவா? பல்லடத்துத் தாய்மாரும் குழந்தை மருத்துவத்தை அளக்கும் கோலும்

அரசு மருத்துவமனைகளின் தரத்தை அறிவதற்கு உலகெங்கும் கையாளப்படும் எளிய வழி ஒன்றுண்டு. சிகிச்சை முடிந்து வெளியே வருபவரை வாசலில் நிறுத்தி, ‘உங்களுக்குத் திருப்திதானா?’ என்று கேட்பதே அது. நோயாளி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையானால், தூக்கி வந்த தாயிடமோ பாட்டியிடமோ அக்கேள்வி கேட்கப்படும். விடைகள் கூட்டப்பட்டு விழுக்காடாகும். விழுக்காடு அறிக்கையாகும். அறிக்கை சான்றிதழாகிச் சுவரில் தொங்கும்.

பல்லடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இக்கேள்விக்குக் கிடைக்கக்கூடிய விடையை அப்பகுதியை அறிந்த எவரும் ஊகிக்கலாம்: ‘பரவால்லீங்க.’ கொங்குத் தமிழில் இது பல மடிப்புகள் கொண்ட சொல். நன்றாக இருந்தது என்றும் பொருள்படும். எதிர்பார்த்த அளவுக்கு மோசமில்லை என்றும் பொருள்படும். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள் என்றும் பொருள்படும். கேட்பவர் யார், சொல்பவர் யார், இருவருக்கும் இடையே நிற்கும் சாதி எது என்பதைப் பொறுத்தே பொருள் முடிவாகும். கணக்கெடுப்புத் தாளிலோ இம்மூன்றுக்கும் ஒரே கட்டம்தான் உண்டு. ‘திருப்தி’ என்ற கட்டத்தில் ஒரு குறி விழுகிறது.

ஒரு தலித் தாய் சொல்லும் ‘பரவால்லீங்க’வை எப்படிப் படிப்பது என்பதே நம் கேள்வி. அவ்விடையில் குழந்தைக்குக் கிடைத்த மருத்துவத்தைவிட, அத்தாய்க்கு இதுவரை மறுக்கப்பட்டு வந்தவையே கூடுதலாகப் பதிவாகின்றன என்பது நம் வாதம். இது சொல்லாராய்ச்சி அல்ல. அந்த விழுக்காட்டை வைத்துத்தான் ஒரு சுகாதார நிலையம் தேறியதா, திருந்த வேண்டியதா என்று முடிவெடுக்கிறார்கள்.

மனநிறைவு அரசுக் கணக்கான விதம்

இந்தியாவில் இந்த அளவீடு ஆய்வாளர்களின் பழக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. 2016ஆம் ஆண்டு ஒன்றிய அரசு ‘மேரா அஸ்பதால்’ என்ற பெயரில், சிகிச்சை பெற்றவர்களிடம் குறுஞ்செய்தி வழியாகவும் செயலி வழியாகவும் கருத்துக் கேட்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2017இல் பிரசவ அறைகளுக்காக வந்த ‘லக்‌ஷயா’ திட்டத்தில், ஊக்கத்தொகை பெறும் மருத்துவமனையில் பயனாளிகளில் 80 விழுக்காட்டினர் மனநிறைவு தெரிவித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. 2021இல் குழந்தைகளுக்கு இணக்கமான மருத்துவச் சேவைக்கென ‘முஸ்கான்’ திட்டம் வந்தது. மனநிறைவு இவ்வாறு பணத்தோடும் சான்றிதழோடும் பிணைக்கப்பட்டுவிட்டது.

‘மேரா அஸ்பதால்’ ஏற்பாட்டில் மனக்குறை உள்ளவர் அதற்கான காரணத்தைச் சொல்ல இடமுண்டு. பணியாளர் நடத்தை, தூய்மை, செலவு, சிகிச்சையின் தரம் என்பன அக்காரணங்கள். ‘என் குழந்தையைத் தொடத் தயங்கினார்கள்’ என்று சொல்ல விரும்பும் தாய், தன் அனுபவத்தைப் ‘பணியாளர் நடத்தை’ என்ற பெட்டிக்குள் அடைக்க வேண்டும். மருந்தகத்தில் ஒருவர் முகம் சுளித்ததும் அதே பெட்டிக்குள்தான் போகும். சாதி அங்கே வெறும் சிடுசிடுப்பாகக் கரைந்துவிடுகிறது. அதோடு, குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது? சில வீடுகளில் கைப்பேசி கணவனின் சட்டைப் பையில் இருக்கக்கூடும்.

தமிழகத்தின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 12 முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 89 பேர் முழுத் தடுப்பூசி பெற்றிருக்கிறார்கள். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்போர் 19 பேருக்கும் குறைவு. வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் இவை பெருமைக்குரிய எண்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. அந்த நான்காவது குழந்தை எந்தத் தெருவில் வாழ்கிறது என்ற கேள்வியை மாநிலச் சராசரி கேட்பதில்லை.

குறைவாகக் கிடைத்தவர் குறைவாகவே குறை சொல்வார்

அமர்த்தியா சென் தம் எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் கணக்கெடுப்பு ஒன்றுண்டு. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர் பகுதியில் அனைத்திந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் அதை நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் அவர்களது உடல்நிலை பற்றிக் கேட்டார்கள். ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உடல்நலம் சரியில்லை என்றார்கள். பெண்களில் அவ்வாறு சொன்னவர்கள் நூற்றுக்கு இருவர் மூவரே. கணவனை இழந்த வங்கப் பெண்ணின் உடல், மனைவியை இழந்த ஆணின் உடலைவிட நன்றாக இருந்தது என்று எவரும் நம்ப முடியாது. தன் உடலுக்கு ஒரு நலம் உண்டு, அது குறைந்தால் சொல்லலாம் என்ற எண்ணமே அப்பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் சென் இதையே மாநிலங்களுக்கு விரித்தார். இந்தியாவில் மிகுந்த ஆயுள் கொண்ட கேரள மக்கள்தான் தமக்கு நோய் இருப்பதாக மிகுதியாகச் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் மிகக் குறைவு. கல்வியும் நல்ல மருத்துவமும் கிடைத்தவருக்கே எது நோய், எது குறை என்று தெரிகிறது. மனக்குறையைச் சொல்வதற்கும் ஒரு முதல் வேண்டியிருக்கிறது.

இதைச் சேரிக்குப் பொருத்திப் பார்ப்போம். தன் தாய்க்கு மருத்துவமனைத் திண்ணையில்கூட இடம் கிடைத்ததில்லை என்று கேட்டு வளர்ந்தவள், இன்று உள்ளே அழைத்து ஒரு சிரப் குப்பியைக் கொடுத்தாலே நன்றி சொல்வாள். அந்த நன்றி உண்மையானது; நாம் அதை ஐயப்படவில்லை. ஆனால், அது ஒப்பீட்டில் பிறந்த நன்றி. நிலமும் படிப்பும் கார் வசதியும் உள்ள குடும்பத்துப் பெண் அதே சிரப் குப்பிக்காக அரை மணி காத்திருந்தால், ‘என்ன ஆசுபத்திரி இது’ என்பாள். இருவரின் விடைகளையும் ஒரே தட்டில் போட்டுச் சராசரி எடுத்தால், மோசமாக நடத்தப்பட்டவர் மனநிறைவு மிக்கவராகவும் நன்றாக நடத்தப்பட்டவர் மனக்குறை உள்ளவராகவும் தோன்றக்கூடும்.

பல்லடத்தில் ஒரு நாள் கூலியின் எடை

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த பல்லடம், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. விசைத்தறியும் கறிக்கோழியுமே இன்று இதன் அடையாளம். கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலையை நாளும் அறிவிக்கும் ஒருங்கிணைப்புக் குழு இவ்வூரிலிருந்துதான் இயங்குகிறது. தறிக்கூடங்களும் பண்ணைகளும் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியினர் கையில் இருக்கின்றன. அங்கே உழைப்பவர்களில் அருந்ததியர் கணிசமானோர்.

கிரேஸ் கார்ஸ்வெல், ஜெர்ட் டி நேவ் ஆகிய ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பல்லாண்டுகள் களப்பணி செய்து, 2013இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதன் உள்கட்டமைப்பை விளக்கினார்கள். திருப்பூர் பின்னலாடைத் தொழில் ஒரு பகுதி தலித்துகளுக்குப் பண்ணையிலிருந்து விடுதலை தந்தது. விசைத்தறியோ வேறு பலரை முன்பணம் என்ற கயிற்றால் உரிமையாளரிடம் கட்டிப்போட்டது. கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய முன்பணம் அடையாமல் தறியை விட்டு வெளியேற முடியாது. பன்னிரண்டு மணி நேர முறைப்பணி.

இந்த வாழ்வுக்குள் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வருவதை நினைத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பிரிவு பகலில்தான் நடக்கும். தாயின் வேலையும் பகலில்தான். குழந்தையைத் தூக்கிச் சென்றால் கூலி போகும். போகாவிட்டால் இரவில் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை. மருத்துவர் பல்லடம் ஜி.எச்.சுக்கு அனுப்பினால் இரண்டாம் நாள் கூலியும் போகும்; அங்கிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், கூலியோடு வேலையும் ஆட்டம் காணும், முன்பணமும் கூடும். அப்படிப்பட்ட ஒருத்தி சுகாதார நிலையத்தின் வாசலில் நிற்கும்போது அவள் மனத்தில் உள்ள கேள்வி ஒன்றே: மத்தியானத்துக்குள் திரும்பிவிட முடியுமா? முடிந்ததெனில் அவளுக்குத் திருப்தி. குழந்தையின் நெஞ்சை எவரும் பார்க்கவில்லை என்பது அந்தத் திருப்தியில் கணக்காவதில்லை.

இன்னொன்றும் உண்டு. கொங்குத் தமிழின் மரியாதை ஊரறிந்தது. ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று எல்லோரையும் ‘ங்க’ போட்டு அழைக்கும் நாடு என்று பெருமை பேசுகிறோம். அந்த ‘ங்க’ ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறதா, சேரிவரை வருகிறதா என்பதைக் கேட்டுப் பாருங்கள். நிலமுள்ள வீட்டுச் சிறுவன் தன் பாட்டன் வயதுள்ள அருந்ததியரைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைப்பது பழங்கதை அல்ல. ‘வாங்க, கொழந்தைக்கு என்னங்க?’ என்று ஒரு தாய்க்கும், ‘ஏய், இங்க வா, என்னாச்சு?’ என்று இன்னொரு தாய்க்கும் ஒரே மேசையிலிருந்து குரல் வருமானால், இருவரும் பெற்றது ஒரே மருந்தாக இருந்தாலும் ஒரே மருத்துவம் ஆகாது. இரண்டாமவள் அடுத்த முறை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது ஒரு நாள் தாமதித்து வருவாள். சிறு குழந்தைக்கு அந்த ஒரு நாள் மிக நீளமானது.

2025 ஏப்ரலில் தமிழக முதல்வர், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கதுதான். பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலை மாற்ற அரசாணை போதாது.

தொடுதல்

சாதி மருத்துவத்துக்குள் நுழையும் இடம் எது? பெரும்பாலும் வாசல் அல்ல. வாசலில் இன்று எவரையும் தடுப்பதில்லை. தொடும் இடத்தில்தான் அது நிற்கிறது.

அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தம் நினைவுக் குறிப்பில், 1929இல் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான ஒரு கடிதத்தை எடுத்தாள்கிறார். கத்தியவாரில் ஆசிரியராக இருந்த தீண்டத்தகாதவர் ஒருவரின் மனைவி, குழந்தை பெற்ற சில நாளில் நோயுறுகிறார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், பெரிய மனிதர் ஒருவர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவரச் செய்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் அதைக் கணவனிடம், கணவன் மனைவியிடம் கொடுக்கிறார்கள். அதே வழியில் வெப்பமானி திரும்புகிறது. விளக்கொளியில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லிப் போகிறார் மருத்துவர். மீண்டும் வர மறுக்கிறார். அப்பெண் இறந்துபோகிறார்.

இந்நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டியது, அங்கே மருத்துவம் முற்றாக மறுக்கப்படவில்லை என்பது. மருத்துவர் வந்தார். வெப்பம் பார்த்தார். நோயின் பெயரும் சொன்னார். இன்றைய படிவத்தில் ‘மருத்துவர் பார்த்தாரா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்றே குறிக்க வேண்டியிருக்கும்.

ஏறத்தாழ எண்பதாண்டுகளுக்குப் பிறகு, இந்திய தலித் ஆய்வு நிறுவனத்துக்காக சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் 12 கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார். 2010இல் வெளியான அவ்வாய்வு, ‘சேவை கிடைத்ததா?’ என்று பொதுவாகக் கேட்காமல், மருத்துவத்தைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்தது: நோயைக் கேட்டறிதல், சோதனை, மருந்து கொடுத்தல், மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். 200 தலித் குழந்தைகளிடம் இவ்வாறு கேட்டபோது, மருந்து கொடுக்கப்பட்ட தருணங்களில் 91 விழுக்காட்டில் பாகுபாடு நேர்ந்ததாகத் தெரியவந்தது. சோதனையின்போது 87 விழுக்காடு. கையில் படாமல் மருந்தைப் போடுவது, தொடாமல் பார்ப்பது, மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் பேசுவது என்பன அதன் வடிவங்கள். குழந்தைகளிடமே கேட்டது இவ்வாய்வின் சிறப்பு. பெரியவர்கள் பழகிப்போய்ச் சொல்லாமல் விடுவதைக் குழந்தைகள் சொன்னார்கள்.

அதற்குச் சற்று முன், 2006இல், ஜி.ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆராய்ந்து வெளியிட்ட நூல், 33 விழுக்காடு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்ல மறுக்கிறார்கள் எனக் கூறியது. தடுப்பூசி, எடை பார்த்தல், தாய்ப்பால் அறிவுரை எல்லாமே வீடு தேடி வர வேண்டிய பணிகள். வீட்டுக்குள் வராத பணியாளருக்கு அவை தெருமுனையில் முடிந்துபோகும்.

‘இதெல்லாம் வடக்கே’ என்று சிலர் கூறக்கூடும். பல்லடத்துக்கு அண்டையிலுள்ள அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், 2018 ஜூலையில், அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் கிளர்ந்தெழுந்தார்கள். முதலில் அப்பெண்ணைத்தான் இடமாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு நீக்கப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. தம் குழந்தையின் தட்டில் அருந்ததியர் கை படக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்ன சமூகத்தின் நடுவேதான் நம் சுகாதார நிலையங்களும் இயங்குகின்றன. அந்நிலையங்களின் தரையைக் கழுவுவது பெரும்பாலும் அருந்ததியர் கைகள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தாயின் கண்ணுக்குத் தெரியாத மருத்துவம்

சாதியை ஒரு கணம் ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மனநிறைவு என்ற அளவுகோல் குழந்தை மருத்துவத்துக்குப் போதாது. உலகச் சுகாதார அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் 1990களில் வகுத்த, இந்தியாவும் ஏற்றுக்கொண்ட ஒருங்கிணைந்த குழந்தைநோய் பராமரிப்பு முறை, மிக எளிய செயல்களால் ஆனது. இருமலோடு வரும் குழந்தையின் சட்டையை உயர்த்தி, அது அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டால், அது வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பால் குடிக்க முடியாமை, குடித்ததையெல்லாம் கக்குதல், வலிப்பு, துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மேல்சிகிச்சை. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும். எதற்கும் மேலாக, எந்த அறிகுறி கண்டால் குழந்தையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தாய்க்குச் சொல்லி, அவள் புரிந்துகொண்டாளா என்று கேட்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு கடிகாரம், ஒரு தராசு, ஒரு நிமிடப் பொறுமை, குழந்தையின் நெஞ்சைத் தொடும் கை ஆகியவை போதும். மூச்சை எண்ணாமல் ஓர் ஊசியும் ஒரு சிரப்பும் கொடுத்து அனுப்பினால், தாய்க்கு அது நிறைவாகவே தோன்றும். ஊசி போட்டால்தான் மருத்துவம் என்று நெடுங்காலமாக அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஊசி போடாமல், எண்ணிப் பார்த்து, ‘நிமோனியா இல்லை, தாய்ப்பால் கொடுங்கள், மூச்சு வேகமானால் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பும் செவிலியர்தான் சரியாகச் செய்தவர். மனநிறைவுக் கணக்கில் அவருக்குக் குறைந்த மதிப்பெண் விழும் வாய்ப்பும் உண்டு.

2015இல் பீகாரின் கிராமப்புற மருத்துவம் செய்வோரிடம் நடந்த ஆய்வு ஒன்று இந்த இடைவெளியை நேராகக் காட்டியது. வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று வாய்மொழியாகக் கேட்டபோது, தீங்கு விளைவிக்கக்கூடிய மருந்துகளைச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். குழந்தையின் பெற்றோர்போல் நடித்த பயிற்சி பெற்றவர்கள் நேரில் சென்றபோது, அத்தகைய மருந்துகளை எழுதியவர்கள் பத்தில் ஏழு பேருக்கு மேல். தெரிந்ததைச் செய்வதில்லை என்பதே அங்கே நோய். அவர்களிடம் வந்துபோகும் உண்மையான பெற்றோர் இந்த வேறுபாட்டை அறிய வழியே இல்லை.

இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் இணையம் பயன்படுத்துவோரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே குறைபாடுடையதாக எழுதப்பட்ட சிகிச்சைக் காட்சிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அச்சிகிச்சை நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். இணையமும் படிப்பும் உள்ளவர்களின் நிலையே இது.

கேட்கும் வாயும் கேட்கப்படும் இடமும்

கேள்வியை எப்படி அமைக்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும். நைஜீரியாவின் சுகாதார நிலையங்களில் 2,200க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2018இல் வெளியானது. ஒரு பகுதியினரிடம் ‘பணியாளர்கள் மரியாதையாக நடந்தார்கள்’ என்பது போன்ற சாதகமான கூற்றுகளைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்றார்கள். மற்றவர்களிடம் அதையே எதிர்மறையாகச் சொன்னார்கள். முதல் வகையில் மனநிறைவு 95 விழுக்காடு. இரண்டாம் வகையில் 87. சில கேள்விகளில் 19 புள்ளிகள் வரை சரிந்தது. எது சொன்னாலும் ‘ஆமாங்க’ என்று தலையாட்டுவது பலவீனமான இடத்தில் நிற்பவரின் தற்காப்பு.

நம் சூழலில் அத்தற்காப்புக்குக் காரணம் இன்னும் தெளிவு. கேட்பவர் அதே நிலையத்தின் ஊழியர். அல்லது ஆதிக்கச் சாதித் தெருவிலிருந்து வந்தவர். கேட்கப்படும் இடம் அதே நிலையத்தின் வாசல். அடுத்த வாரம் தடுப்பூசிக்கு அத்தாய் அங்கேதான் வந்தாக வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போகப் பணமுள்ளவர் குறை சொல்லிவிட்டுப் போகலாம். வேறு கதி இல்லாதவர் குறை சொன்னால், அந்தக் குறையோடு அவர் வாழவும் வேண்டும்.

எனவே, கேள்வியைச் செயலை நோக்கித் திருப்ப வேண்டும். ‘திருப்தியா?’ என்பதை விட்டுவிடுங்கள். குழந்தையை எடை போட்டார்களா, எடையை அட்டையில் குறித்தார்களா? சட்டையை உயர்த்தி மூச்சை எண்ணினார்களா? கையால் தொட்டார்களா? மருந்தைக் கையில் கொடுத்தார்களா, மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்களா? குழந்தைக்கு என்ன நோய் என்று உங்களிடம் சொன்னார்களா? எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னார்களா? உங்களை எப்படி அழைத்தார்கள்? இவற்றுக்கு ‘பரவால்லீங்க’ என்று விடை சொல்ல முடியாது. ஆம், இல்லை என்றுதான் சொல்ல முடியும். நன்றியுணர்ச்சியும் அச்சமும் இவ்விடைகளை முற்றாக மாற்றிவிடாது; ‘எண்ணினார்களா’ என்பதற்கு நினைவுதான் வேண்டும், மதிப்பீடு வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம். ஒரே சுகாதார நிலையத்துக்குச் செல்லும் ஊர்த்தெருவில் 30 தாய்மார், சேரியில் 30 தாய்மார். அதே ஏழு கேள்விகள். வீட்டில், மாலையில், அவரவர் தெருவைச் சேர்ந்த பெண்ணைக் கொண்டு கேட்க வேண்டும். தாயின் பெயரையோ வீட்டையோ தாளில் எழுத வேண்டாம். தெரு மட்டும் போதும். இரு தெருக்களின் விடைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியே நாம் தேடும் எண். இரண்டு தெருக்களிலும் மூச்சு எண்ணப்படவில்லை என்றால் அது பணிச்சுமையின், பயிற்சியின் சிக்கல். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவீடு. அத்தனை பேருக்கும் பொறுப்பான கிராம சுகாதாரச் செவிலியரின் சுமை சிறியதன்று. ஊர்த்தெருவில் மட்டும் எண்ணப்பட்டிருந்தால் அதன் பெயர் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செவிலியர்மீது பழிபோடுவது நேர்மையும் ஆகாது. அவர்களில் பலர் நம் தெருக்களிலிருந்து போனவர்கள்.

ஒரு தயக்கத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். அரசு நிலையங்களின் குறைகளை வெளிக்கொணர்ந்தால், அதையே காட்டித் தனியார்மயத்துக்கு வழிகோலுவார்கள் என்று தோழர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. தனியார் மருத்துவமனையின் வாசலிலும் சாதி உண்டு, கூடவே கட்டணச்சீட்டும் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், பொய்யான 95 விழுக்காடு அரசு மருத்துவத்தைக் காப்பாற்றாது. அதை நம்பி நிதியும் ஆளும் ஒதுக்காமல் விடுவதற்கே அது உதவும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அது வாசலோடு நின்றுவிடவும் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதை மட்டுமின்றி, அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்குகிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் பட்டியலினத்தவர் நுழைவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1995ஆம் ஆண்டின் விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கொலையும் தாக்குதலும் மட்டுமே அக்குழுவின் மேசைக்குப் போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இரு தெருக்களின் ஏழு கேள்விகளுக்கான விடைகளையும் ஒரே தாளில் எழுதி, ஒரு படியைத் திருப்பூர் மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் மறுபடியை அக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கும் அனுப்பலாம்.